கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்

அவருடைய சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. டெஸ்டர்தான் இருக்கும், மஞ்சள் கைப்பிடி, முனை தேய்ந்தது. காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட என் கவுண்டருக்கு வந்து பேனா கேட்பார். கொடுத்தால் முதலில் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். நேற்றும் அதே பேனாதான், முந்தாநாளும் அதே பேனாதான். கோடு விழுந்தால்தான் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்புவார்.

உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் வரும் ஊர் எங்களுடையது. அங்கிருந்த சின்ன மின்சார ஆபீஸில் பில் பணம் வாங்கும் வேலையில் நான் ஒன்பது வருடம் இருந்தேன். அவர் லைன்மேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை ‘அண்ணா’ என்பேன். அவர் என்னை ‘சார்’ என்பார். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அதே ஊர்தான். நான் ஊர்த்தெரு, அவர் காலனி. நடுவில் ஏரிக் கால்வாய் ஒன்று, அதன் மேல் ஒரு சிறுபாலம். நடந்தால் ஐந்து நிமிடம்.

அவரைப் பற்றி ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது ரைஸ்மில் கதை. ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பக்கம் கம்பி அறுந்துவிட்டது. கூட வேலை செய்த இன்னொரு லைன்மேன், டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து, “ஏறுண்ணா, லைன் செத்துப் போச்சி” என்றாராம்.

“யாரு சொன்னா?”

“நான்தாண்ணா என் கையால புடுங்கினேன்.”

“நீ புடுங்கின, சரி. கம்பி இன்னா சொல்லுதுன்னு பாப்போம்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பத்தில் ஏறி, கம்பிக்கு ஒரு முழம் கீழே நின்றுகொண்டு டெஸ்டரை நீட்டியிருக்கிறார். அது சிவப்பாக எரிந்தது. பக்கத்து ரைஸ்மில்லில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரை ஓட்டியிருந்தார்கள். சுவிட்சைச் சரியாக மாற்றாததால் அந்த மின்சாரம் மில்லுக்குள்ளேயே நிற்காமல் வெளியே லைனுக்கு ஏறியிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் அந்த இன்னொரு லைன்மேன்தான். எத்தனையோ முறை சொன்ன கதை. ஆனாலும் டெஸ்டர் எரிந்த இடம் வரும்போது அவர் குரல் இறங்கிவிடும். “எறங்கி வந்து என்னைத் திட்டுவாருன்னு பாத்தேன் சார். திட்டல. ‘நீ பொய் சொல்லல. நீ சொன்னது நெஜம்தான். ஆனா அது பத்தாது’ன்னாரு.”

அது அவருடைய வாக்கியம். எதற்கும் அதைச் சொல்வார். மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை எடுக்கப் போனபோது, சுத்தப்பட்டு என்று கடைக்காரர் ஆயிரம் சத்தியம் செய்தார். இவர் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் பிடித்தார். கடைக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். இவர் கருகிய இழையை மூக்கருகே வைத்துப் பார்த்து, “முடி கருகற வாசன வருது. நல்ல பட்டு. கட்டிக் குடுங்க” என்றார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எல்லாமே அப்படியில்லை. அந்த மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை குடிக்க மாட்டான் என்று தரகரும் சொன்னார், பையனின் மாமாவும் சொன்னார், சர்ச்சில் பாஸ்டரும் சொன்னார். இவர் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வாலாஜாபாத் போய், பையன் வேலை செய்த கடைக்கு எதிரே நின்றிருக்கிறார். கடை மூடியதும் பையன் நேரே வீட்டுக்குப் போகிறானா என்று பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார். போனான். கல்யாணமும் நடந்தது. ஆனால் யாரோ அந்த மூன்று நாள் விஷயத்தை மாப்பிள்ளை காதில் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் மாமனாரோடு அப்புறம் சகஜமாகப் பேசவேயில்லை. “சொல்றவங்கள நம்பலன்னு இல்ல சார்” என்று என்னிடம் சொன்னார். “ஆனா பொண்ணக் குடுக்கப் போறது நான்தான?” அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவைத்ததைப் பார்த்தேன்.

அவருக்கு ஒரே ஆசை பாட்டு. சத்தமாகக் கேட்கிற ஆசையில்லை. திருவிழா மைக் செட் ஓடினால் அந்தப் பக்கமே போகமாட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை இடித்தபோது வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் அவர் வீட்டில் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு கோடையில் புகைந்து போயிற்று. அதற்கப்புறம் போனில்தான் பாட்டு. “தகரத்து மேல மழ பேயறா மாதிரி கீது சார்” என்பார்.

பழைய பாட்டு ஒன்றை அடிக்கடி சொல்வார். அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வரும். குழல் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பு வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்குமாம். “அந்த ஆளு ஆரு, உசுரோட கீறாரா இல்லியா, தெரியாது. மூச்சு மட்டும் அங்கயே நிக்குது. போன்ல அது வர்ல சார்.”

புதிது வாங்க அவருக்கு வசதியில்லை. மகள் கல்யாணக் கடன் சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் என்ன வாங்க வேண்டுமென்று தீர்மானமாக இருந்தார். பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர். டிவிக்குக் கீழே கறுப்பாக, கனமாக உட்கார்ந்து ஐந்து ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்குமே, அந்தப் பெட்டி.

“பத்து வருசத்துக்கு முன்னாடி வந்த ரிசீவருங்கள இப்ப சீந்த ஆளில்ல சார். புது டிவிக்கு ஒத்துப்போவாது. படம் பாக்கறவன் தூக்கிக் கெடாசிட்றான். பாட்டு கேக்கறவனுக்கு அதுல இன்னா? அஞ்சுல ரெண்டு ஸ்பீக்கர் ஓடினா போதும். உள்ள கீற சாமானெல்லாம் நெஞ்சுரம் புடிச்ச சாமான்.”

“எப்பிடிண்ணா பாத்து வாங்குவீங்க?”

“வால்யூம திருகினா கரகரன்னு வரக்கூடாது. பாட்டில்லாம சத்தத்த ஏத்தினா இரையக்கூடாது. முக்கியமா அர மணி நேரம் ஓடணும். ஆன் பண்ண ஒடனே எல்லா மிஷினும் யோக்கியன்தான். சூடு ஏறினாத்தான் தெரியும்.”

இந்தப் பேச்சு நடந்த வாரத்தில்தான் எனக்கு என் தாய்மாமா வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. மாமா மகன் வெளிநாடு போவதற்கு முன் ஆசையாக ஒரு செட் வாங்கிச் சுவரில் ஸ்பீக்கரெல்லாம் மாட்டியிருந்தான். அது சும்மா கிடந்தது. மாமா அதை விற்றுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். யோசிக்காமல் நான் அதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கம்பெனி பெயரைச் சொன்னதும், “நல்ல மிஷின் சார். நாலாயிரத்துக்குக் குடுத்தா கண்ண மூடிக்கினு...” என்று ஆரம்பித்துத் தானே சிரித்துவிட்டார். “கண்ண மூடிக்கினு வாங்கமாட்டேன். கேட்டுட்டு வாங்குவேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் வேண்டும். ஸ்பீக்கர் ஹால் சுவரில் இருக்கிறது. மாமா வீட்டு மீட்டர் பெட்டி வாசல் பக்கத்துச் சுவரில், போர்டிகோவுக்கு வெளியே. அந்தப் பெட்டியில் அண்ணன் கைபடாத திருகாணி இல்லை. ஊர்த்தெருவில் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவர்தான் வருவார். ஆனால் எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர் போய் நான் பார்த்ததில்லை. போகக்கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை. சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை.

“அண்ணா, நீங்க இன்னாத்துக்கு அலையணும்? நானே வாங்கியாந்து ஆபீஸ்ல குடுத்துட்றேனே” என்றேன்.

“கேக்காம எப்பிடி சார்?”

“நான் கேட்டுப் பாக்கறேன்.”

“நீங்க கேப்பீங்க. ஆனா அது பத்தாது சார்” என்றார்.

மாமாவுக்குப் போன் செய்தேன். ஆபீஸில் ஒருத்தர் வாங்க வருகிறார் என்றேன். “ஆரு, எந்த ஊரு?” என்றார். “இங்கதான் மாமா, பக்கத்துல” என்றேன். அதோடு அவரும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். பேரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனோம். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு அவர் வந்திருந்தார். பாட்டு ஏற்றிய போனும் அதற்கான ஒயரும் ஒரு துணிப்பையில். மாமா போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அட, நம்ம லைன்மேன். இன்னாப்பா, கம்பத்துல எதனா வேலயா?”

“இல்ல சார். ரிசீவர் பாக்க வந்தேன்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். காலனியில் அண்ணன் வயதுக்காரர்கள் மாமாவை ‘ஐயா’ என்பார்கள். இவர் எப்போதும் ‘சார்’தான். அந்தச் சின்னச் சொல் அன்றைக்கு எனக்குப் பெரிதாகக் கேட்டது.

“நீயா வாங்கப் போற?” என்றார் மாமா. பிறகு, “சரி. எடுத்தாரச் சொல்றேன். இப்பிடி வெச்சிப் பாத்துக்கோ” என்று போர்டிகோ ஓரத்துச் சிமெண்டு மேடையைக் காட்டினார்.

“ஸ்பீக்கர் உள்ள சொவத்துல கீதாமே சார். மிஷின இங்க கொண்டாந்தா எதுல கேக்கறது?”

“இன்னாத்தக் கேக்கப் போற? நல்லா ஓடின மிஷின். எம்புள்ள வெச்சிருந்தது. நான் பொய்யா சொல்லப்போறேன்?”

“நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நான் சொல்லல சார். மிஷின் பொய் சொல்லும். அர மணி நேரம் ஓட்டிக் கேட்டாத்தான் தெரியும்.”

“அர மணி நேரமா?”

தெருவில் ஒரு டிராக்டர் நெல் மூட்டையோடு போயிற்று. அதை ஓட்டியவன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனான். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு, கை கட்டாமல், குனியாமல், நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற அவசரமும் அவரிடம் இல்லை. “அப்ப வேணாம்” என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்தேன். சத்தியமாக அதுதான் என் மனதில் இருந்தது.

உள்ளேயிருந்து அத்தைதான் குரல் கொடுத்தாள். “தெருவுல நிக்க வெச்சி இன்னா பேச்சி? கேக்கறதுன்னா கேட்டுட்டுப் போவட்டும்.”

மாமா எழுந்து உள்ளே போனார். வா என்று சொல்லவில்லை. நான் போனேன். என் பின்னால் அவர் வந்தார்.

ஹாலுக்குள் போனதும், சின்ன வயதிலிருந்து உட்காருகிற பழக்கத்தில், நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். மாமாவும் எதிரே உட்கார்ந்தார். அண்ணன் டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றார். அவரை உட்காரச் சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. எழுந்தால் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தால் அவருக்கு. உட்கார்ந்தே இருந்தேன்.

அவர் மிஷினை ஆன் செய்தார். பாட்டில்லாமல் வால்யூமை மெதுவாக ஏற்றினார். இரைச்சல் இல்லை. இறக்கினார். கரகரப்பு இல்லை. போனை மாட்டிப் பாட்டைப் போட்டார். அந்த ஹாலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதேயில்லை. ஆர்ப்பாட்டமே இல்லாமல், பாடுகிறவர் எதிரே வந்து நிற்பது போல. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, மூன்று. நடுநடுவே மிஷின் தலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். மாமா சுவர்க் கடிகாரத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சமையல்கட்டு வாசலில் நின்றாள். இரண்டு முறை வாசல் பக்கம் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருபது நிமிடம் இருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். பாட்டு நின்றுபோயிற்று. மிஷினில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

“இன்னா பண்ண நீ?” மாமா எழுந்துவிட்டார். “நல்லா இருந்த மிஷின இன்னா பண்ண?”

“நான் ஒண்ணும் பண்ணல சார்.”

“கைய வெச்சிக்கினே இருந்தியே! இதுக்குத்தான் உள்ள வந்தியா? டேய்,” என்று என் பக்கம் திரும்பினார், “ஆரக் கூட்டிக்கினு வந்துகீற நீ?”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பேசவில்லை. அவர் திரும்பி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் டெஸ்டரை எடுத்து மிஷினின் பின்பக்கம் வைத்துப் பார்த்தார். போன் வெளிச்சத்தில் குனிந்து தேடினார். மாமாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

“இதான் சார்” என்றார் கடைசியில். “ஸ்பீக்கர் ஒயர்ல ஒரு பிரி வெளிய வந்து பக்கத்துக் கம்பிய தொட்டும் தொடாம கீது. சூடு ஏறி அதிர்ந்தா தொட்டுக்குது. ஒடனே மிஷின் தன்னத்தானே நிறுத்திக்குது. மிஷின்ல கோளாறு இல்ல.” அந்தப் பிரியை முறுக்கி, கம்பியை மறுபடி சொருகி, திருகை இறுக்கினார். ஆன் செய்தார். பாட்டு வந்தது.

“அடக் கடவுளே” என்றாள் அத்தை. “இதுக்கா ரெண்டு வருசமா நின்னு நின்னு போச்சி? கெட்டுப் போச்சின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோமென்று தெரிந்தது. முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமாவின் முகம் கறுத்தது. கெட்டுப்போனது என்று தெரிந்தேதான் விற்கப் பார்த்திருக்கிறார். அதை என் தலையில் கட்டினாலும் சரி, என் சிநேகிதன் தலையில் கட்டினாலும் சரி.

அண்ணன் காதில் எதுவும் விழாதது போல மிச்சப் பத்து நிமிடத்தையும் நின்று கேட்டார். பிறகு வால்யூமைப் பூஜ்யம் வரை இறக்கி, அணைத்துவிட்டு, “நல்ல மிஷின் சார். நாலாயிரம் குடுத்துட்றேன்” என்றார்.

மாமா சோபாவில் சாய்ந்துகொண்டார். “நல்லாத்தான கீது. அப்ப இன்னாத்துக்கு விக்கணும்? புள்ள வந்தா கேப்பான். இருக்கட்டும்.”

“மாமா...” என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அண்ணன் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டினார். மாமா பின்னாலேயே வந்து நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். “இந்தா, கூலி.”

“நான் ரிப்பேருக்கு வர்ல சார்” என்றார். “வாங்க வந்தேன்.”

தாள் மாமா கையிலேயே இருந்தது. நாங்கள் என் வண்டியில் கிளம்பினோம். சிறுபாலம் வந்தது. அங்கே வண்டியை நிறுத்தி, மன்னிச்சுக்கங்கண்ணா என்றேன். அவர் இறங்கி நின்றார்.

“மூச்சு கேட்டீங்களா சார்?”

“இன்னாது?”

“மூணாவது பாட்டுல. அந்தக் கொழல்காரர் மூச்சு இழுத்தாரே. அவ்ளோ சுத்தமா நான் கேட்டதேயில்ல.” பிறகு மெதுவாக, “நீங்க பாட்டே கேக்கல. உங்க மாமா மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தீங்க” என்றார்.

எனக்கு அழுகை வருவது போலிருந்தது. அதை மறைக்க வேறு எதையோ கேட்டேன். “அண்ணா, உங்க மரப்பெட்டி ரெண்டையும் ஒரு ஆட்டோல போட்டுக் கொண்டாந்திருந்தா போர்டிகோவுலயே வெச்சிக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம்” என்றார். சிறுபாலத்தைத் தாண்டி நடந்து போனார்.

அன்று முழுக்க நான் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை மட்டும் கேட்டுப் பார்க்க அவர் வரவில்லை. மூன்று நாள் வாலாஜாபாத்தில் கடைக்கு எதிரே நின்ற அதே மனிதர் என்னையும் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறார். சோபாவில் உட்கார்ந்த என்னை.

மறுநாள் ஆபீஸில் பேனா கேட்டார், கோடு கிழித்தார், கையெழுத்துப் போட்டார். எப்போதும் போல ‘சார்’ என்றார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, செங்கல்பட்டில் ஒரு பழைய சாமான் கடையில் ரிசீவர் வாங்கிவிட்டதாகச் சொன்னார். முகப்பில் எழுத்தே தெரியாதாம், விளக்கு செத்துவிட்டது. அதனால் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். “எழுத்து இன்னாத்துக்கு, காதுதான கேக்கப் போவுது” என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டிருக்கிறார். மூன்றாவது வாரம் கடைக்காரரே நாற்காலி போட்டாராம்.

“வந்து கேளுங்க சார்” என்றார்.

ஒன்பது வருடத்தில் நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன்; வீட்டுக்கு இல்லை. வருகிறேன் என்றேன். அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். கொஞ்சம் சளி, அவ்வளவுதான். அவர் மறுபடி கூப்பிடவில்லை. இரண்டாவது முறை கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நாலாவது ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

கால்வாயைத் தாண்டி மூன்றாவது தெரு. ஓட்டு வீடு, முன்னறையில் இரண்டு மரப்பெட்டி. அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, வரவேற்றுப் பெரிதாகப் பேசவுமில்லை. “உக்காருங்க” என்று ஒரு நாற்காலியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நான் குடிப்பதை அண்ணன் பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவர் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான் முழு அரை மணி நேரமும் பாட்டு கேட்டேன்.

அப்புறம் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். ஊரில் சிலர் கேட்டார்கள், சிலர் கேட்காமல் பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் மாமாவிடமிருந்து போன் வந்தது. பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது டிவி ஸ்டாண்டை நகர்த்தியிருக்கிறார்கள். மிஷின் மறுபடியும் நின்று போகிறதாம். மகன் லீவில் வருகிறானாம்.

“அந்த லைன்மேன வரச்சொல்லு. கூலி குடுத்துட்றேன்.”

“நீங்களே போயி கூப்புடுங்க மாமா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “காலனில மூணாவது தெரு. வேப்பமரத்துக்குப் பக்கத்து வூடு.”

“உனக்கு எப்பிடித் தெரியும் அவன் வூடு?”

“வாராவாரம் போறேன் மாமா.”

மாமா போனை வைத்துவிட்டார். அவர் போகவில்லை. அடுத்த தை மாதம் அவர் பேத்திக்குக் காது குத்தியபோது பத்திரிகை அம்மா பேருக்கு மட்டும் வந்தது. மிஷின் அந்த ஹாலில் ஊமையாகவே இருப்பதாக அத்தை சொல்லி அனுப்பினாள்.

இதை அண்ணனிடம் சொன்னபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. கடைசியில் ஒரு வார்த்தை பேசிவிட்டேன் இல்லையா? அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரிசீவரின் தலையில் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?”

“போயிருப்பீங்களாண்ணா?”

“போயி சரி பண்ணிக் குடுத்துட்டு வந்திருப்பேன்” என்றார். “மிஷின் இன்னா பண்ணுச்சி, பாவம்.”